பல்லைக் காய வைத்துப் பாருங்க, டீச்சர்

என் அம்மா முப்பது வருடம் ரப்பர் ஷீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர். மலேசியாவின் சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு தோட்டத்தில், புகை போட்டு எடுத்த ஷீட்டுகளைத் தரம் பிரிக்கும் வேலை. ஜன்னலுக்கு எதிரே பிடித்தால் ஷீட்டு தேன் நிறத்தில் ஒளிரும். உள்ளே மரப்பட்டைத் துணுக்கு இருந்தால் அது மட்டும் கருப்பாக நிற்கும். கத்தரிக்கோலால் அந்த இடத்தை வெட்டிவிட்டு அடுத்த ஷீட்டை எடுப்பார். இப்போது அந்தத் தோட்டம் முழுக்க செம்பனை. ஜன்னலும் இல்லை, ஷீட்டும் இல்லை.

போன வருடம் ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கின் திரையில் என் மகனின் கடைவாய்ப் பல்லைப் பார்த்தபோது எனக்கு அந்த ஜன்னல்தான் ஞாபகம் வந்தது. சாம்பல் நிறப் படம். பல்லின் மேல்தோடான எனாமல் கண்ணாடி மாதிரி வெளிறித் தெரிந்தது, அதற்கு உள்ளே டென்டைன் கொஞ்சம் மங்கலாக. அந்தப் பல்லும் முன்னால் இருந்த பல்லும் தொட்டுக்கொள்ளும் இடத்தில், இரண்டு பக்கமும், பென்சிலால் தீற்றியது போல ஒரு நிழல். எக்ஸ்ரே எதுவும் எடுக்கவில்லை. ரப்பர் போன்ற இரண்டு சின்னக் கைகள் கொண்ட ஒரு கருவியைப் பல்லின் மேல் வைத்தார் டாக்டர். அந்தக் கைகள் இரண்டு பக்கமும் ஈறில் உட்கார்ந்தன. அவற்றிலிருந்து வரும் வெளிச்சம் ஈறு, எலும்பு, வேர் வழியாக ஏறிப் பல்லுக்குள் பரவுகிறது, மேலே இருக்கும் கேமரா அதைப் படம் பிடிக்கிறது. அவ்வளவுதான். பையன் கொட்டாவி விட்டுக்கொண்டு படுத்திருந்தான்.

நான் பாலர் பள்ளி ஆசிரியை. பல் மருத்துவம் படித்தவள் இல்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நாற்பது வயதைத் தாண்டி முழுசாகப் பல் இருந்ததில்லை. அப்பாவுக்குப் பல் வலி என்றால் தோட்டத்து மருந்தகத்தின் டிரெசர், டிரெசர் என்றால் இடுக்கி. "பூச்சி விழுந்திடுச்சு, எடுத்திடு" என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் தோட்டத்தின் சொந்தத் தொட்டியிலிருந்து வந்தது. நாடு முழுக்கக் குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு கலப்பது என்று 1972-இல் கொள்கையாக எடுத்த முடிவு எங்கள் தொட்டிக்கு எங்கே தெரியும்? இப்போது தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீட்டில் குழாய்த் தண்ணீர். ஆனாலும் பையனுக்குச் சொத்தை. தண்ணீர் மட்டும் காப்பாற்றாது என்பது அப்படித்தான் புரிந்தது.

ஈப்போ வரை போனதற்குக் காரணம் சாதாரணமானது. கோழி சாப்பிட்டால் அதே இடத்தில் நார் மாட்டுகிறது என்றான். பல் இடுக்கு நூலை விட்டுப் பார்த்தால் நூல் பிரிந்து வந்தது. பள்ளிக்கு வரும் பல் குழு சில மாதங்களுக்கு முன்புதான் பார்த்துவிட்டு, ஓட்டை எதுவும் தெரியவில்லை என்று சொல்லியிருந்தது. அவர்கள் சொன்னதில் தப்பு இல்லை. இரண்டு பற்கள் ஒட்டி நிற்கும் பக்கத்தைக் கண்ணாடியும் கண்ணும் வைத்துக்கொண்டு யாரும் பார்க்க முடியாது. பள்ளிப் பல் சேவையை எங்கள் தலைமுறைக்கு "பல் மிஸ்ஸி" என்றுதான் தெரியும். பினாங்கில் 1949-இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்த தாதிகள் அவர்கள். அவர்கள் இல்லையென்றால் என் வாயில் இப்போது இருப்பதும் இருந்திருக்காது.

சரி, என் கதையைச் சொல்லாமல் பையன் கதை புரியாது.

அதற்கு மூன்று வருடங்களுக்கு முன், வேறொரு ஊரில், வேறொரு கிளினிக்கில், என் சொந்தப் பல்லில் ஒரு லேசர் பேனாவை வைத்தார்கள். சிவப்பு வெளிச்சம், 655 நானோமீட்டர். பல்லுக்குள் பாக்டீரியா விட்டுச்செல்லும் பொருள்கள் அந்த வெளிச்சத்தை வாங்கித் திரும்ப ஒளிரும். எவ்வளவு ஒளிர்கிறது என்பதைக் கருவி 0 முதல் 99 வரை எண்ணாகச் சொல்லும், கூடவே கீச்சென்று சத்தமும் போடும். எனக்கு 31 வந்தது. முப்பதைத் தாண்டினால் டென்டைன் வரை போயிருக்கலாம், துளைத்து அடைத்துவிடலாம் என்றார்கள். இயந்திரமே சொல்கிறதே என்று வாயைத் திறந்தேன்.

நான் அங்கே போவதற்குப் பத்து நிமிடம் முன்புதான் கோப்பிக் கடையில் உட்கார்ந்து பால் சேர்க்காத கோப்பி ஓ குடித்திருந்தேன். பல் விளக்கவில்லை. அவர்களும் பேனாவை வைத்த அந்தப் பல்லின் பழுப்புப் பள்ளத்தைத் துலக்கவில்லை. கறை, பற்காரை, பல் தேய்க்கும் பசையின் மிச்சம் எல்லாமே அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் ஒளிரக்கூடியவை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. வாயின் மறுபக்கத்தில் அதே பல், அதே பழுப்புப் பள்ளம், யாரும் தொடாமல் இன்றும் அப்படியே இருக்கிறது. ஈப்போ டாக்டர் அதைத் துலக்கி, காற்றடித்துக் காய வைத்து, இரண்டு விதமாகப் பார்த்துவிட்டு, "இது வெறும் கறை டீச்சர், விடுங்க" என்றார். அடைத்த பல்லில் நிஜமாகவே சொத்தை இருந்ததா என்று இனி யாரும் சொல்ல முடியாது. துளைத்தாகிவிட்டது. போன மாதம் அந்த அடைப்பின் ஓரம் பெயர்ந்தது, இரண்டாவது முறை அடைத்தாயிற்று. ஒருமுறை துளைத்த பல் ஆயுசுக்கும் பழுது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய பல்.

அதனால்தான் பையனின் நிழலைப் பார்த்ததும் நான் முதலில் கேட்டது, "துளைக்கணுமா?"

"இப்ப வேண்டாம். முதல்ல ஒண்ணு காட்டுறேன்" என்று சொல்லி, அவனுடைய மேல் முன்பல்லைக் காட்டினார் டாக்டர். எச்சில் ஈரத்தோடு பார்த்தால் நல்ல பல். காற்றுக் குழாயால் ஐந்து விநாடி ஊதினார். ஈறின் ஓரமாகச் சுண்ணாம்பு பூசியது போல ஒரு வெள்ளைக் கோடு எழும்பி வந்தது. பையன் நாக்கால் நக்கினான், கோடு மறைந்தது. மறுபடி ஊதினார், மறுபடி வந்தது. எனக்கு ஏதோ கண்கட்டு வித்தை பார்த்தது போல இருந்தது.

விஷயம் இதுதான். எனாமலின் எடையில் ஏறக்குறைய 96 விழுக்காடு தாதுப்பொருள். சர்க்கரையைத் தின்று கிருமிகள் விடும் அமிலம் வாயின் பி.எச். அளவை (அது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 5.5-க்குக் கீழே இறக்கினால் அந்தத் தாது கரையத் தொடங்கும். முதலில் ஓட்டை விழாது. மேல்பரப்பு கிட்டத்தட்ட முழுசாக இருக்க, அதற்குச் சற்றுக் கீழே நுண்ணிய துளைகள் உண்டாகும். அந்தத் துளைகளில் தண்ணீர் இருந்தால் வெளிச்சம் அதிகம் சிதறாமல் போய்விடும். தண்ணீர் காய்ந்து காற்று புகுந்தால் வெளிச்சம் சிதறி வெள்ளையாகத் தெரியும். எனாமலின் ஒளிவிலகல் எண் 1.62, தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. இடைவெளி பெரிதாக ஆக, சிதறலும் கூடுகிறது. எண் எதற்கு, திருவிழாவில் மழையில் நனைந்த வெள்ளை வேட்டியைப் பார்த்திருப்பீர்கள். நனைந்தால் உள்ளே இருப்பது தெரியும், காய்ந்தால் தெரியாது. அதே சங்கதிதான்.

காய்ந்தால் மட்டும் தெரியும் வெள்ளை இளசு. ஈரத்திலேயே தெரிந்தால் கொஞ்சம் முற்றியது. இதற்கு ஒரு காசும் செலவில்லை. வீட்டில் கைப்பேசி விளக்கு, ஒரு துண்டு டிஷ்யூ போதும். பல் விளக்கிய பிறகு உதட்டைத் தூக்கி, ஒற்றி எடுத்து, பத்து விநாடி வாயைத் திறந்தே வைத்திருக்கச் சொல்லிப் பாருங்கள். முன்பற்களுக்குத்தான் இது சரிப்படும், கடைவாய்க்குக் கை போகாது. ஊசி, குச்சி எதையும் வைத்துக் குத்திப் பார்க்க வேண்டாம். முழுசாக நிற்கும் அந்த மெல்லிய மேல்பரப்புதான் நமக்கு மிஞ்சியிருக்கும் முதல், அதை உடைத்துவிட்டால் நிஜமாகவே ஓட்டை.

கடைவாய் இடுக்கில் காற்றும் ஊத முடியாது, கண்ணும் போகாது. அங்கேதான் கண்ணுக்குத் தெரியாத சிவப்பு, அதாவது அகச்சிவப்பு. அந்தக் கருவியின் வெளிச்சம் 780 நானோமீட்டர், நம் கண் பிடிக்கும் எல்லையை ஒட்டியது. டிவி ரிமோட்டின் முனையில் வருவதும் இதற்கு உறவுதான், கைப்பேசி கேமராவில் சில சமயம் மினுக்கென்று தெரியும். அலைநீளம் கூடக் கூட நல்ல எனாமலுக்குள் வெளிச்சம் குறைவாகச் சிதறும், அதனால் பல் கண்ணாடி போலாகிறது. தாது கரைந்த இடத்தில் மட்டும் சிதறித் தடுமாறும், கேமராவுக்கு நிழலாகப் படும். 1300 நானோமீட்டர் பக்கம் எனாமல் இன்னும் தெளிவாக ஊடுருவித் தெரியும் என்று ஆய்வுக்கூடங்களில் காட்டியிருக்கிறார்கள். அம்மாவின் கண் விழித்திரையை ஸ்கேன் எடுக்கிறார்களே, 1991-இல் வந்த, வெளிச்சத்தால் உள் அடுக்குகளைப் படம் பிடிக்கும் அந்த ஓ.சி.டி. முறையைப் பல்லுக்கும் முயன்று வருகிறார்கள். எங்கள் பக்கத்துக் கிளினிக்குகளில் அதை நான் இன்னும் பார்க்கவில்லை.

எக்ஸ்ரேயே வேண்டாமா என்று கொஞ்சம் சந்தோஷமாகவே கேட்டேன். "ஒண்ணே ஒண்ணு வேணும்" என்றார். அகச்சிவப்பு நிழல் எங்கே என்று சொல்லும், எவ்வளவு ஆழம் என்பதை நம்பகமாகச் சொல்லாது. ஈறுக்குக் கீழே பார்க்காது, உலோக அடைப்பு இருந்தால் வெளிச்சமே போகாது. எக்ஸ்ரேக்கு வேறொரு குறை. தாது 30, 40 விழுக்காடு கரைந்த பிறகுதான் அதில் தெளிவாகத் தெரியும் என்பார்கள். கடித்துப் பிடிக்கும் சின்னப் படம் ஒன்று எடுத்தார். நிழல் இருந்த இடத்தில் எனாமலின் வெளிப்பாதியில் லேசான மங்கல், அவ்வளவுதான். டென்டைனைத் தொடவில்லை. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் துளைக்காமல் விடுவது என்று முடிவானது.

இன்னொரு விளக்கும் இருந்தது, ஊதா கலந்த நீலம். அதில் நல்ல பல் பச்சையாக ஒளிரும், தாது இழந்த இடம் மங்கும், நாட்பட்ட அழுக்கில் குடியிருக்கும் கிருமிகளின் போர்ஃபிரின் என்ற நிறமி செங்கல் சிவப்பாக ஒளிரும். பையனின் கீழ்வரிசை முழுக்க ஈறோரம் சிவப்புக் கோடு. "பேய்ப் பல்லு மாதிரி இருக்கு" என்று சிரித்தான். ஆனால் அன்று இரவு யாரும் சொல்லாமல் மூன்று நிமிடம் பல் விளக்கினான். நான் ஐந்து வருடம் கத்தியதை அந்த விளக்கு ஒரு நொடியில் செய்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"கருப்பு விழுந்திருக்கே. வெட்டி எடுத்திட வேண்டியதுதானே?"

"ஷீட்டுன்னா வெட்டிடலாம்மா. இது திரும்ப ஒட்டாது."

"அப்ப பார்த்துக்கிட்டே இருக்கிறதுக்கா இவ்வளவு தூரம் போனீங்க?"

நியாயமான கேள்வி. பாதி பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டு ஒன்றும் செய்யாமல் இருந்தால் கண்டுபிடித்ததே வீண். சீக்கிரம் கண்டுபிடித்ததும் துளைத்துவிட்டால் அதைவிட வீண். நடுவில் இருப்பது அலுப்பான வேலை.

ஒரு நாள் அவன் வாயில் இனிப்பு போன நேரங்களை நோட்டில் எழுதினேன். காலை மைலோ (சாக்லேட் மால்ட் பானம்), பள்ளி வேனில் பிஸ்கட், இடைவேளையில் சிராப் தண்ணீர், வரும் வழியில் ஐஸ், டியூஷனில் மிட்டாய், சாயங்காலம் தேத்தண்ணியும் குவே பலகாரமும், பக்கத்து வீட்டில் ஏதோ, சாப்பாட்டுக்குப் பின் ஒரு பாக்கெட் பானம், படுக்கும்போது பாட்டி கலக்கும் டின் பால் போட்ட மைலோ. ஒன்பது தடவை. ஒவ்வொரு தடவையும் சில நிமிடங்களில் அமிலம் ஏறும், எச்சில் அதைச் சமன் செய்ய அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஒன்பது தடவை என்றால் எச்சிலுக்கு ஓய்வே இல்லை. தூக்கத்தில் எச்சில் சுரப்பும் குறைந்துவிடும், ஆகையால் ஒன்பதாவதுதான் பெரிய வில்லன். மைலோவைக் குறை சொல்லவில்லை, நாங்கள் கொடுத்த நேரம்தான் தப்பு. பாட்டியோடு இரண்டு நாள் சண்டை. பேரன் வெறும் வயிற்றில் படுப்பதா என்று அழாத குறை. கடைசியில் சாப்பாட்டோடு சேர்த்து மைலோ, அப்புறம் பல் விளக்கல், அதற்குப் பின் தண்ணீர் மட்டும் என்று உடன்பாடு. ஒன்பது நாலானது. முழுசாக நிறுத்தவில்லை, நிறுத்தியிருந்தால் ஒரு வாரம் தாண்டியிருக்காது.

அவனுடைய ஸ்ட்ராபெர்ரி பற்பசையின் டப்பாவைத் திருப்பிப் படித்தபோது அதில் ஃபுளோரைடே இல்லை. வாங்கும்போது கார்ட்டூன் படத்தைத்தான் பார்த்திருக்கிறேன். 1000-க்கு மேல், 1500 வரை பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று எழுதியிருக்க வேண்டும், இப்போது 1450 உள்ளதை வாங்குகிறோம். துப்பலாம், கொப்பளிக்க வேண்டாம். டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபுளோரைடு வார்னிஷ் பூசினார். அதில் 22,600 பி.பி.எம்., பற்பசையைவிடப் பதினைந்து மடங்கு, ஆனால் ஒரு சொட்டுதான், மஞ்சளாக ஒட்டிக்கொள்ளும். துளைக்காமல் எனாமலின் நுண்துளைகளுக்குள் ரெசின் என்ற மெல்லிய பிசினை ஊற விட்டு அடைக்கும் முறையும் உண்டு, 2009 வாக்கில் வந்தது. ஆறு மாதம் பார்த்துவிட்டு யோசிக்கலாம் என்றார். நூல் விடுவது என் பொறுப்பானது. பத்து வயதுப் பையன் தானாகக் கடைவாயில் நூல் விடுவான் என்று நம்புகிறவர்கள் பத்து வயதுப் பையனை வளர்த்ததில்லை.

இன்னொன்று, எத்தனை தாய்மார்களிடம் சொல்லியும் நம்பாதது. ஆறு வயது வாக்கில் பால் பல் வரிசைக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல் பால் பல் இல்லை. எந்தப் பல்லும் விழாமலே பின்னால் முளைப்பதால் நாம் கவனிப்பதில்லை. "விழுகிற பல்தானே" என்று விட்டுவிடுகிறோம். அது விழாது. அறுபது வயது வரை மெல்ல வேண்டிய பல்.

ஆறு மாதம் கழித்து அதே கருவி, அதே கோணம். முதலில் பார்த்த, மேலே வலப்பக்கத்து நிழல் வளரவில்லை. கீழே இடப்பக்கம் இன்னொரு சின்ன நிழல் இருந்தது, அதை நான் இதுவரை சொல்லவில்லை. அது வளர்ந்திருந்தது. டென்டைனைத் தொட்டு ஓரம் உடைந்திருந்தது. அங்கே துளைத்து அடைத்தார்கள், நானும் மறுக்கவில்லை. நூல் விடும்போது அந்தப் பக்கம் கை வராமல் நான் பல நாள் ஒப்பேற்றியது எனக்குத் தெரியும்.

இப்போது யார் பல்லைக் காட்டப் போனாலும் முதலில் கேட்பது, துலக்கிக் காய வைத்துத்தான் பார்த்தீர்களா என்பது. அப்புறம், எனாமலோடு நிற்கிறதா, டென்டைன் வரை போய்விட்டதா, மேல்பரப்பு உடைந்திருக்கிறதா என்று கேட்பேன். மூன்று மாதம் பொறுத்தால் என்ன ஆகும் என்றும் கேட்பேன். ஒரே ஓர் எண்ணை வைத்து யாராவது துளைக்கச் சொன்னால் வேறு வழியிலும் பார்த்தீர்களா என்பேன். படத்தை என் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்வேன். அடுத்த முறை வேறு டாக்டர் இருந்தாலும் ஒப்பிட அதுதான் கையில் இருக்கும். கேட்டால் கோபித்துக்கொள்ளும் டாக்டரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

பதினோரு வயதில், போன பள்ளி விடுமுறையில், அந்த நிழலுக்கு முன்னால் நின்ற பால் பல் ஆடி விழுந்தது. இது நடக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுநாளே கூட்டிக்கொண்டு போனேன். நடுவில் நின்ற பல் போனதும் பின்பல்லின் முன்முகம் திறந்து கிடந்தது. காற்றடித்துக் காய வைத்தார். ஒரு வருடமாகத் திரையில் மட்டும் பார்த்த நிழல், அதே இடத்தில், அதே நீள்வட்டத்தில், பழுப்பு கலந்த வெள்ளைத் திட்டாக இருந்தது. மேல்பரப்பு வழவழவென்று பளபளத்தது. "நின்னுடுச்சு" என்றார். சுண்ணாம்பு மாதிரி மங்கியிருந்தால் இன்னும் கரைகிறது, பளபளத்தால் நின்றுவிட்டது. புதுப் பல் முளைத்து இடத்தை மூடும் முன் நேராகவே வார்னிஷ் பூசினார். நிழல் மறையவில்லை, மறைய வேண்டியதும் இல்லை.

விழுந்த பல்லைப் பையன் தீப்பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தான். சாயங்காலம் அம்மா அதை வாங்கி, இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, ஜன்னலுக்கு நேரே தூக்கினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மெல்லத் திருப்பினார். வேர் கரைந்து வெறும் கிண்ணமாக இருந்த பல்லுக்குள் வெளிச்சம் இறங்கியது. பின்பக்கம் வந்ததும் கை நின்றது.

"இந்தா, இங்கதான் கருப்பு. பக்கத்துப் பல்லுல ஒட்டிக்கிட்டு இருந்த பக்கம்."

வாங்கிப் பார்த்தேன். இருந்தது. கடுகளவு ஓட்டை.

"பார்த்தாச்சுல்ல? கூரை மேல போடு" என்று பேரனிடம் கொடுத்தார். அவன் வாசலுக்கு ஓடினான். தகரத்தில் டங்கென்று ஒரு சத்தம், அப்புறம் உருண்டு போகும் சத்தம்.